மதுரையிலிருந்து தேக்கடிக்கு ஒரு நாள்: எங்கே கோட்டை விடுகிறோம்?

"காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும். தேனியில் டிபனை முடித்துவிட்டுப் பதினொன்றே கால் போட்டைப் பிடித்துவிடலாம்." மதுரையில் தேக்கடி என்று யார் பேச்செடுத்தாலும் இந்தக் கணக்கு வந்துவிடும். மேப்பில் பார்த்தால் கணக்கு சரிதான், சுமார் 140 கிலோமீட்டர். ஆனால் மேப் காட்டும் நேரம் குமுளி வரைக்கும்தான். அதற்கு அப்புறம்தான் நேரம் கரைகிறது.

சொந்தக் காரோ வேனோ படகுத்துறை வரை போகாது. குமுளியை ஒட்டிய ஆனவச்சாலில் வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் மாறி ஏற வேண்டும். நிறுத்த ஒரு வரிசை, நுழைவுச்சீட்டுக்கு ஒரு வரிசை, பேருந்துக்கு ஒன்று, படகுத்துறையில் மறுபடி ஒன்று. விடுமுறை நாளென்றால் இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். படகு வழக்கமாக 7.30, 9.30, 11.15, 1.45, 3.30 என்று ஐந்து நடை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் கரையை விட்டு நிழலுக்குப் போய்விடும். நடுப்பகல் நடையில் பெரும்பாலும் தண்ணீரையும், 1895-இல் முல்லைப் பெரியாறு அணை நிரம்பியபோது மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் கட்டைகளில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்களையும்தான் பார்க்கலாம். அதுவும் அழகுதான், ஆனால் யானையைக் காட்டுவதாகச் சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 9.30 நடையைக் குறிவைத்து, நான்கு மணிக்கே மதுரையைத் தாண்டிவிடுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்து, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கென்றே ஓர் ஏமாற்றம் உண்டு. படகில் ஏறியதும், "பென்னிகுவிக் டேமைக் காட்டுவீங்களா?" என்று கேட்பார்கள். சுற்றுலாப் படகு அணைப் பக்கமே போகாது, அணைக்குப் போகத் தனி அனுமதி வேண்டும். ஆனால் நாம் மிதப்பதே அந்த அணை தேக்கிய தண்ணீரில்தான். 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை போட்டு, 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுவிக் என்ற பொறியாளரைக் கொண்டு ஆங்கிலேய அரசு முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான நீர்த்தேக்கம் இது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து இறங்கும் தண்ணீர்தான் மலையடிவாரத்து லோயர்கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, வைகையில் சேர்ந்து மதுரைக்கு வருகிறது. இதைப் பார்க்கத் தேக்கடிவரை கூடப் போக வேண்டாம். குமுளி மலைப்பாதையில் ஏறும்போது சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பாருங்கள். லோயர்கேம்ப்பில் 2013-இல் திறந்த பென்னிகுவிக் மணிமண்டபமும் வழியிலேயே இருக்கிறது. பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே கடந்து போய்விடுகிறார்கள்.

படகில் செய்யக்கூடாததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஆகவே காட்டுமாடு தெரிந்ததும் செல்போனைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடாதீர்கள். உயிர்காப்பு உடையை, புழுக்கம் என்று கொக்கியைக் கழற்றிவிட்டு உட்காராதீர்கள். பிள்ளைகளுடையதை நீங்களே இழுத்துக் கட்டிவிடுங்கள். விசிலும் கூச்சலும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, படகோடு தேக்கடி முடிந்தது என்று நினைப்பது. பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். படகு அதன் ஓர் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. வழிகாட்டியோடு நடந்தால்தான் காடு கொஞ்சமாவது பிடிபடும். வனத்துறையின் ஏற்பாட்டில் சுமார் மூன்று மணி நேர நடை இருக்கிறது. சிறு குழுவாகத்தான் விடுவார்கள், இருபது பேர் வேனில் போனால் பிரித்துத்தான் அனுப்புவார்கள். வழிகாட்டிகளில் மன்னான், பளியர் பழங்குடியினர் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், ஒரு காலத்தில் இதே காட்டில் பட்டை உரித்துக் கடத்தியவர்களும் காவலுக்கும் வழிகாட்டவும் வந்து சேர்ந்தார்கள். காட்டின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள். நிறையப் பேருக்குத் தமிழ் நன்றாகவே வரும், "அண்ணே, இது என்ன தடம்?" என்று கேட்டால் நின்று சொல்வார்கள். கேட்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தால் அவர்களும் பேசாமல் நடந்துவிடுவார்கள், கொடுத்த காசு வீண். புலியைப் பார்ப்பது அபூர்வம். அதை எதிர்பார்த்தே போகிறவருக்கு மரத்தில் நகம் கீறிய அடையாளமும், உச்சிக் கிளையில் தாவும் கருமந்தியும், மலை அணிலும் கண்ணில் படுவதே இல்லை.

நடைக்குச் செருப்போடு வந்து நிற்பவர்கள் அதிகம். மழைக்காலத்தில் அட்டை கொத்துக் கொத்தாக ஏறும். அதற்கென்று முழங்கால் வரை வரும் துணி உறை தருவார்கள், அதை ஷூவுக்கு உள்ளே போட்டுக் கட்ட வேண்டும். அட்டை கடித்தால் பிடுங்கி எறிந்துவிட்டு அலற வேண்டியதில்லை. உப்போ புகையிலைத் தூளோ பட்டால் தானே விழுந்துவிடும். சிவப்பு, வெள்ளை, பளபள உடைகளும் சென்ட்டும் வேண்டாம். வயது வரம்பு உண்டு என்பதால், தாத்தாவையும் பேத்தியையும் சேர்த்துக் கணக்குப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மூங்கில் தெப்பப் பயணம். நல்ல அனுபவம்தான், ஆனால் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலைவரை முழு நாளும் போகும். மதுரையிலிருந்து அன்றே போய்த் திரும்ப நினைப்பவருக்குச் சரிப்படாது. முந்தைய இரவு குமுளியில் தங்கினால் மட்டும் யோசிக்கலாம்.

குமுளி கடைத்தெருவில் இறங்கியதுமே "ஜீப் சஃபாரி" என்று சூழ்ந்துகொள்வார்கள். அதில் பல, தேக்கடிக் காட்டுக்குள் போவதே இல்லை. சத்திரம், பருந்தும்பாறை போன்ற மலைமுகடுகளுக்குப் போகும். போகக்கூடாத இடம் என்று சொல்ல மாட்டேன், காற்றும் காட்சியும் அருமை. ஆனால் வனத்துறைப் பயணம் என்று நினைத்துக் காசு கொடுத்துவிட்டுப் பிறகு சண்டை போடுவதில் பயனில்லை. எந்த இடம், எத்தனை மணி நேரம், எந்தச் சோதனைச்சாவடி வழியாக என்று முதலிலேயே கேளுங்கள். கவி என்ற காட்டுப்பகுதிக்குப் போக வேண்டுமென்றால் அது வேறு பாதை, வேறு நாள்.

வாடகை வண்டி பேசும்போது "கேரளா பெர்மிட் சேர்த்துத்தானே?" என்ற ஒரு கேள்வியை விட்டுவிட்டால், எல்லையில் நின்றுகொண்டு ஓட்டுநரும் நீங்களும் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் போர்டு காரை மலிவு என்று வாடகைக்கு எடுப்பதும் சிக்கல். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறிவிடலாம். நேரம் கூடும், அவ்வளவுதான்.

கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூட்டம் அதிகமானால் மேலே போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு என்ற வேறு மலைப்பாதை வழியாகத் திருப்பிவிடுவார்கள், போட்ட திட்டம் அங்கேயே போச்சு. விலங்கு பார்க்க மார்ச், ஏப்ரல் நல்லது. தண்ணீர் வற்றி, கரையில் புல் முளைத்திருக்கும். என்ன, காட்டுத்தீ பயம் இருந்தால் காட்டுக்குள் நடந்து போவதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று, அதே நாளில் சுருளி அருவியையும் மேகமலையையும் சேர்த்துக்கொள்வது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறி இறங்கவே அரை நாள் ஓடிவிடும். இரண்டு மலையையும் ஒரே நாளில் ஏறியவர்கள் கடைசியில் கார் கண்ணாடி வழியாக இரண்டு மலைப்பாதையைப் பார்த்ததுதான் மிச்சம்.

ஏலக்காய், மிளகு வாங்க ஓட்டுநர் சொல்லும் கடைக்கு நேராகப் போகாமல் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். பச்சை நிறத்தை மட்டும் பார்த்து ஏலக்காய் எடுக்காதீர்கள், ஒன்றை உடைத்து உள்ளே விதை கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலக் கதகளி, களரி நிகழ்ச்சிக்கு உட்கார்ந்தால் இறங்கும்போது இருட்டிவிடும். லோயர்கேம்ப் இறக்கத்தில் பனிமூட்டமும் லாரியும் சேர்ந்தால் பழகாத ஓட்டுநருக்குக் கஷ்டம். ஐந்து மணிக்குள் இறங்கினால் கூடலூர், கம்பம் சாலையோரத்தில் பன்னீர் திராட்சையும் வாங்கிக்கொள்ளலாம். தோட்டத்து வாசலிலேயே விற்பார்கள், ருசி பார்க்கக் கேட்டால் ஒரு கொத்து சும்மாவே தருவார்கள்.