பழைய மென்பொருளைப் புதுக் கணினியில் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி புதிய பதிப்பு எதுவும் விடவில்லை. ஆனாலும் நம் டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் மலரும் பள்ளி ஆண்டு மலரும் இன்னும் அந்தக் கோப்புகளாகத்தான் கிடக்கின்றன. பழைய கணினி ஒருநாள் படுத்துவிடும். புது லேப்டாப் வாங்கி, அலமாரியிலிருந்த சிடியைத் தேடி எடுத்து, செட்டப் கோப்பை டபுள் க்ளிக் செய்வோம். ஓடினால் சரி. ஓடாவிட்டால் இணையத்தில் கிடைக்கும் கண்ட கண்ட கோப்புகளை இறக்கி, கணினியையே கெடுத்துக்கொள்கிறோம்.

அந்த டபுள் க்ளிக்குக்கு முன்பே முக்கால்வாசி விஷயத்தைத் தெரிந்துகொள்ள முடியும். பேஜ்மேக்கர் மட்டுமில்லை, பழைய கணக்கு மென்பொருள், குழந்தைகளின் சிடி விளையாட்டு, தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

படி 1: உங்கள் கணினி எந்த வகை?

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதில் அபவுட் என்று போங்கள். ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் பாருங்கள். 64-பிட் அல்லது 32-பிட் என்று இருக்கும்; கணினி ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவு அது. விண்டோஸ் 11 என்றால் 64-பிட்தான். அதில் 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10இல் இரண்டும் உண்டு. அதே வரியில் ‘ஏஆர்எம்’ என்று இருந்தால் கவனம் தேவை. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்கள் இந்த வகை. சாதாரண மென்பொருள்கள் அவற்றில் பெரும்பாலும் ஓடிவிடும். டிரைவர் (ஒரு கருவியை விண்டோஸோடு இணைக்கும் சின்ன மென்பொருள்) கேட்கும் பழைய மென்பொருள்கள் ஓடாது.

படி 2: மென்பொருள் எத்தனை பிட்?

எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் மென்பொருள் ஓடும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ‘எக்ஸ்86’ என்று முடிவது 32-பிட் மென்பொருள்களுக்கானது. ஆனால் விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் மென்பொருளை 64-பிட் விண்டோஸ் தொடவே தொடாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் நடக்காது.

சிடி அட்டையில் ‘விண்டோஸ் 95 அல்லது அதற்குப் பிந்தையது’ என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். அதை அச்சடித்தபோது 64-பிட் விண்டோஸே பிறக்கவில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செட்டப் கோப்பை டெஸ்க்டாப்பில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை நோட்பேடில் திறங்கள். கட்டம் கட்டமாகப் புரியாத எழுத்துகள் வரும், பயப்பட வேண்டாம். கோப்பின் முதல் இரண்டு எழுத்து ‘எம்’, ‘இசட்’ என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கி தன் பெயரின் முதலெழுத்துகளை அங்கே வைத்தார். இன்றுவரை ஒவ்வொரு விண்டோஸ் மென்பொருளும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் கீழே, இந்த மென்பொருள் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஓடாது என்று சொல்லும் ஆங்கில வரி ஒன்று கிடைக்கும். அதற்கும் கீழே பெரிய எழுத்தில் ‘பி’, ‘இ’ இரண்டும் சேர்ந்து நிற்கிறதா என்று தேடுங்கள். அவற்றை அடுத்து ‘எல்’ வந்தால் 32-பிட். சின்ன எழுத்து ‘டி’ வந்தால் 64-பிட். ‘பி’, ‘இ’க்குப் பதில் ‘என்’, ‘இ’ இருந்தால் 16-பிட். பார்த்து முடித்ததும் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். சேவ் செய்தால் அந்த நகல் பாழாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1990களின் பிற்பகுதியில் வந்த சிடிக்கள் பலவற்றில் மென்பொருள் 32-பிட், அதைப் போட்டுத் தரும் செட்டப் மட்டும் 16-பிட். மென்பொருள் ஓடக்கூடியதுதான், உள்ளே போகத்தான் வழியில்லை. இன்ஸ்டால்ஷீல்டு என்ற கருவியால் அந்தக் காலத்தில் செய்த செட்டப் சிலவற்றை விண்டோஸே அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள 32-பிட் செட்டப்பை அதன் இடத்தில் வைத்து ஓட்டும். ஆகவே செட்டப் 16-பிட் என்பதற்காகவே சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

படி 3: டிரைவர் கேட்கிறதா?

பழைய கணக்கு மென்பொருள், தமிழ் அச்சு மென்பொருள் சிலவற்றுடன் ‘லாக்’ என்று ஒரு சின்னக் கட்டை வரும். பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே இல்லை. யுஎஸ்பி லாக் என்றாலும் அதற்கு 64-பிட் டிரைவர் வேண்டும். 32-பிட் டிரைவரை 64-பிட் விண்டோஸ் ஏற்காது. கம்பேட்டிபிலிட்டி மோடு (பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளும் வசதி) மென்பொருளுக்குத்தான் உதவும், டிரைவருக்கு உதவாது. எனவே லாக் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பழைய ஸ்கேனருக்கும் இதே கதைதான்.

சிடி விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தால் அவை அசல் சிடி போட்டாலும் ஓடா. அந்தப் பூட்டுக்கான டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது.

படி 4: ஆக்டிவேஷனும் எழுத்துருவும்

சீரியல் எண் மட்டும் கேட்கும் மென்பொருள் என்றால் கவலையில்லை. இணையம் வழியாக ஆக்டிவேட் செய்ய வேண்டியது என்றால், எதிர்முனையில் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். அடோபி தன் சிஎஸ்2 தொகுப்புக்கான சர்வரை 2012 டிசம்பரில் நிறுத்திவிட்டது.

டிடிபி செய்பவர்கள் எழுத்துருக்களையும் பாருங்கள். ட்ரூடைப் என்றால் பிரச்சினை இல்லை. டைப் 1 எழுத்துருவாக இருந்தால் அடோபியின் புதிய மென்பொருள்களில் அது தெரியாது; 2023 ஜனவரியோடு அந்த ஆதரவு போய்விட்டது. பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால் இன்றே அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்பு, உரிய எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

படி 5: போடும்போது

முதலில் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்குங்கள்; ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப அது உதவும். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால், வேறு கணினியில் சிடி முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக்கிக் கொண்டுவரலாம். அதை டபுள் க்ளிக் செய்தாலே விண்டோஸ் ஒரு டிரைவாகக் காட்டும்.

செட்டப்பின் பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி என்ற டேப் இருக்கும். எக்ஸ்பி காலத்து மென்பொருளுக்கு ‘விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3’ தேர்ந்தெடுங்கள். எங்கே போட வேண்டும் என்று கேட்கும்போது புரோகிராம் ஃபைல்ஸை விட்டுவிட்டு, சி டிரைவிலேயே சின்னப் பெயரில் தனி ஃபோல்டர் கொடுப்பது நல்லது. பழைய மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே தரவையும் எழுதும். விண்டோஸ் விஸ்டா முதல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுதவிடாமல், விண்டோஸ் அதை ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைவான இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. கணக்கு மென்பொருளில் நேற்றுப் போட்ட பதிவு இன்னொரு யூசரில் காணாமல் போவது இதனால்தான்.

டாட்நெட் 3.5 என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று கேட்டால் மைக்ரோசாஃப்டிடமிருந்தே இறக்குங்கள். ஏதோ ஒரு டிஎல்எல் (மென்பொருளுக்குத் துணையாக இருக்கும் கோப்பு) இல்லை என்று சொன்னாலும், டிஎல்எல்களை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். வைரஸ் வரும் வழி அது.

ஓடவே ஓடாது என்று தெரிந்தால்

டாஸ் விளையாட்டுகளுக்கு, டாஸைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும். 16-பிட் செட்டப், பிடிவாதமான எக்ஸ்பி மென்பொருள் இவற்றுக்கு கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் உங்களிடமுள்ள எக்ஸ்பி சிடியை நிறுவுங்கள். அந்த எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில் நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். கோப்புகளைப் பரிமாற ஷேர்டு ஃபோல்டர் இருக்கிறது.

மென்பொருள் வேண்டாம், உள்ளே இருக்கும் பக்கங்கள் கிடைத்தால் போதும் என்பவர்கள் அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் சிஎஸ்6 வைத்திருப்பவரைத் தேடுங்கள். பேஜ்மேக்கர் 6, 6.5, 7 கோப்புகளை அது நேரடியாகத் திறக்கும். அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. போகும்போது அந்த எழுத்துருக்களையும் பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.