குரோம்புக் வாங்கும் முன் பார்க்க வேண்டிய தேதி

இணையம் பார்க்க, மெயில் அனுப்ப, யூடியூப் ஓட்ட என்று சின்ன குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்) வாங்குகிறீர்களா? ராம், திரை அளவு, விலை எல்லாம் பார்ப்பதற்கு முன், அந்த மாடலுக்கு கூகுள் எதுவரை அப்டேட் தரும் என்று பாருங்கள். கூகுளின் உதவிப் பக்கத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் கடைசித் தேதி போட்டிருக்கும். மெஷின் கையில் இருந்தால் செட்டிங்ஸில் ‘அபவுட் குரோம் ஓஎஸ்’ பகுதியிலேயே தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டு அப்டேட் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வகை மெஷின் முதலில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. அதனால் பெட்டி பிரிக்காத புது மெஷினுக்கும் பாதி ஆயுள் போயிருக்கலாம். தள்ளுபடியில் வருபவற்றிலும் செகண்ட் ஹேண்டிலும் இதை அவசியம் பாருங்கள். தேதி முடிந்தாலும் மெஷின் ஓடும்தான். ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். பழைய பிரவுசரில் சில தளங்கள் போகப் போகத் திறக்காது. நெட் பேங்கிங் செய்யும் மெஷினில் அது வேண்டவே வேண்டாம். குறைந்தது 5 ஆண்டாவது மிச்சம் இருந்தால் வாங்கலாம் என்பது என் கணக்கு.

விண்டோஸ் லேப்டாப்புக்கு இந்தத் தேதி பொருந்தாது. டாலி, போட்டோஷாப் போன்றவற்றை மெஷினிலேயே நிறுவி வேலை செய்பவர்களுக்கு, எத்தனை ஆண்டு அப்டேட் இருந்தாலும் குரோம்புக் சரிவராது.