மைலேஜ் தொழில்நுட்பத்தை நாமே முடக்கிவிடும் தவறுகள்

காரைக்குடியில் கார் வாங்குகிறவர் முதலில் கேட்பது மைலேஜைத்தான். அந்த மைலேஜ் எந்த வகை ஓட்டத்தில் கிடைக்கும் என்று கேட்பவர் குறைவு. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் கார், பிரேக்கில் வீணாகும் ஆற்றலை பேட்டரியில் சேர்த்து, நின்று நின்று நகரும் நெரிசலில் எஞ்சினை அணைத்து வைப்பதால்தான் அதிகம் மிச்சப்படுத்துகிறது. சென்னையில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தும். காரை ஊர் வீட்டில் நிறுத்திவைத்து, கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வரும்போது மட்டும் திருச்சிச் சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுகிறவர், கூடுதலாகக் கொடுத்த விலையைப் பெட்ரோல் செலவில் மீட்பது கடினம்.

சிறிய டர்போ எஞ்சினும் நிதானமாக ஓட்டினால்தான் சிக்கனம். ஏழு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே போனால், டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும். எரிபொருளும் அதற்கேற்பக் கூடும்.

வேகத்தைக் குறைக்க வேண்டிய இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி எரிபொருளை நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கும். எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் 'எஞ்சின் பிரேக்'கும் கிடைக்காது.

சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதியுள்ள காருக்கு, விலை குறைவென்று சாதாரண பேட்டரியைப் பொருத்தினால், அது விரைவில் தளர்ந்து அந்த வசதியே வேலை செய்யாமல் போகும்.

எல்லாவற்றையும்விடப் பரவலான தவறு ஆயிலில் நடக்கிறது. 'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்' என்று சொல்லி, 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-40 ஊற்றிவிடுகிறார்கள். முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. எஞ்சின் தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால், வெளியே 30 டிகிரியா 40 டிகிரியா என்பது உள்ளே பெரிய மாற்றம் எதையும் செய்வதில்லை. கெட்டி ஆயிலைச் சுழற்றவே எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். எஞ்சின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் கருவியும் மந்தமாகும். சர்வீஸ் பில்லில் 'ஆயில்' என்று மட்டும் இருந்தால், அதன் எண்ணைக் கேட்டு எழுதி வாங்கி, காரின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.