லப்டொப்பில் 0, றாஸ்பெரி பையில் 11

போன கிழமை மருமகன் ஒரு சின்ன சி மொழி நிரலோடு வந்தான். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் எத்தனை யூனிகோட் குறியீடுகள் (எழுத்து, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் கணினி வைத்திருக்கும் தனி எண்) என்று எண்ணுவதுதான் அதன் வேலை. அவனுடைய லப்டொப்பில் விடை 0. அதே கோப்பை என் றாஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடவிட்டால் 11. இரண்டிலும் லினக்ஸ், இரண்டிலும் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கொம்பைலர் ஜிசிசி. "கொம்பைலர் பிழை, மாமா" என்றான். 11தான் சரி. (தமிழ் வாத்தியார் 6 எழுத்து என்பார், அது வேறு கணக்கு.)

நீங்களும் செய்து பாருங்கோ.

முதலில் சொல்லை ஒரு சார் (ஒரு பைட் கொள்ளும் வகை) வரிசையில் போடுங்கள். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்; முதல் பைட் எப்போதும் 224. ஆகவே 33 பைட்டையும் பார்த்துக்கொண்டு போய், 224 வரும்போதெல்லாம் ஒன்று கூட்டினால் போதும். மருமகன் செய்ததும் இதுதான்.

இனி அந்த முதல் பைட்டை இன்ட் (முழு எண்) ஆக அச்சிடுங்கள். லப்டொப்பில் -32, பையில் 224. சார் எதிர் எண் கொள்ளுமா கொள்ளாதா என்பதை சி மொழியின் 1989 தரநிலையே கொம்பைலரிடம் விட்டுவிட்டது. லப்டொப்பில் உள்ளது போன்ற இன்டெல் சில்லு என்றால், லினக்ஸில் அது -128 முதல் 127 வரை. பையில் உள்ளது போன்ற ஆர்ம் சில்லு என்றால், லினக்ஸில் 0 முதல் 255 வரை. 127க்கு மேல் கொள்ளாத பெட்டிக்குள் 224ஐத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 'டபிள்யூ எக்ஸ்ட்ரா' எச்சரிக்கையைப் போட்டிருந்தால், இந்த ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது என்று ஜிசிசியே சொல்லியிருக்கும்.

ஆர்ம் என்றால் ஒரு வழி, இன்டெல் என்றால் இன்னொரு வழி என்று 'இஃப்டெஃப்' (இடத்துக்கேற்ப வரிகளைச் சேர்க்கவோ விடவோ சொல்லும் கட்டளை) எழுதப் போகாதீர்கள். ஆப்பிளின் புதிய மக் கணினியும் ஆர்ம்தான், ஆனால் அதில் சார் எதிர் எண் கொள்ளும். வரிசையை 'அன்சைன்ட் சார்' (எதிர் எண் கொள்ளாத சார்) ஆக்குங்கள். இரண்டிலும் 11 வரும், அவ்வளவுதான்.

உள்ளீட்டை ஒவ்வொரு பைட்டாக வாசிக்கும் கெட்சார் தருவதை மட்டும் இன்ட்டில் வாங்குங்கள். சாரில் வாங்கினால், கோப்பு முடிந்ததைச் சொல்லும் -1 பையில் 255 ஆகிவிடும். லூப் கரண்ட் போனால்தான் நிற்கும்.

லாங் என்ற முழு எண் வகையின் கதையும் இதேதான்: 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. அளவு முக்கியமென்றால் 'ஸ்டட்இன்ட்' தலைப்புக் கோப்பின் வகைகளை எடுங்கள்.

அப்புறமும் கொம்பைலருக்குக் கொம்பைலர் வேறுபடுவது ஏதாவது மிஞ்சினால், அந்த இஃப்டெஃப்களை ஒரே தலைப்புக் கோப்பில் வையுங்கள். அதில் கிளாங் என்ற இன்னொரு கொம்பைலரை முதலில் சோதியுங்கள். கேட்டால் அது தன்னையும் ஜிசிசி என்றுதான் சொல்லும்.