தொடாமல் அளக்கிறோம் என்று தழும்பு வைக்காதீர்கள்: லேசர் மீயொலி அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் இரண்டு இளைஞர்கள் அலுமினியத் தகட்டின் தடிமனை லேசரால் அளந்துகொண்டிருந்தார்கள். "அண்ணா, சிக்னல் மெலிதாக இருக்கிறது. ஆற்றலைக் கூட்டட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பகீரென்றது. பல ஆண்டுகளுக்கு முன் அதே திருகைத் திருகியவன் நான். லென்ஸில் தூசி, தளர்ந்த கேபிள் போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆற்றலைக் கூட்டுவது

சுமார் 10 நானோவினாடி நீளும் ஒரு லேசர் துடிப்பு உலோகத்தின் மேல்தோலைச் சட்டென்று சூடாக்குகிறது. அந்தத் தோல் விரிகிறது, அந்த விரிவே மீயொலியாக, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியாக, உள்ளே பாய்கிறது. அது தகட்டைக் கடக்கும் நேரத்தை வைத்துத்தான் தடிமனைக் கணக்கிடுகிறோம். விரிவு பெரும்பாலும் பக்கவாட்டில் நடப்பதால், நெட்டலை (போகும் திசையிலேயே பொருளை அதிரவைக்கும் அலை) நேர் கீழே வலுவாகப் போவதில்லை. செங்குத்திலிருந்து ஏறக்குறைய 60 பாகை சாய்ந்துதான் வலுவாகச் செல்கிறது. புதியவர்கள், வந்துசேரும் அதிர்வை அளக்கும் இரண்டாவது லேசரை நேர் எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டு, சிக்னல் வரவில்லையே என்று தவிக்கிறார்கள். உடனே கை திருகுக்குப் போகிறது.

ஓர் எல்லையைத் தாண்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், நீலப் பொறி, திரையில் அலை எகிறுகிறது. மேற்பரப்பு ஆவியாகி எழும்போது பின்னுதைப்பு நேர் கீழே அடிக்கிறது. அலை அழகாக வருவது அதனால்தான். பொருள் கெடுவதும் அதனால்தான்.

ஒரு வாடிக்கையாளரின் கடைசல் முடிந்த அலுமினியப் பாகங்களை நான் அப்படித்தான் அளந்தேன். மறுநாள் தரச்சோதகர் உருப்பெருக்கியை என் கையில் கொடுத்தார். பளபளப்பான முகத்தில் வரிசையாக வெண்புள்ளிகள். நகத்தால் வருடினால் ஒவ்வொன்றிலும் நகம் தட்டியது. ஒரு பெட்டி முழுவதும் திரும்பி வந்தது. சேதமில்லாச் சோதனை என்று அறிக்கையில் எழுதியவனும் நானே. இன்றும் யாராவது அந்தத் திருகைத் தொட்டால் கோபம் வருகிறது.

செய்ய வேண்டியது வேறு. 64 துடிப்புகளைச் சராசரி எடுங்கள், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 8 மடங்கு உயரும். உருளை லென்ஸ் வைத்துப் புள்ளியைக் கோடாக்குங்கள். அதே ஆற்றல் அகலமாகப் பரவும், தோல் தாங்கும். அளக்கும் புள்ளியைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். எல்லை எங்கே இருக்கிறது என்பதை அதே பொருளின் கழிவுத் துண்டில் மட்டும் தேடுங்கள். 'டிக்' கேட்டால் அங்கேயே நிறுத்திக் குறைத்துவிடுங்கள்.

குறுக்கலையை நெட்டலை என்று எடுப்பது

எதிர்ப்பக்கத்தில் அளக்கும்போது முதலில் வரும் நெட்டலை ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். பின்னால் வரும் குறுக்கலைதான் (போகும் திசைக்குக் குறுக்கே அதிரவைக்கும் அலை) கண்ணைப் பறிக்கும். அலுமினியத்தில் அதன் வேகம் ஏறக்குறைய பாதி. அதை நம்பினால் தகடு இரு மடங்கு தடிமனாகிவிடும்.

நேரத்தின் தொடக்கம்

லேசர் பெட்டி தரும் மின்துடிப்பை நம்பாதீர்கள். ஒளியின் ஒரு துளியை, ஒளியை மின்சிக்னலாக்கும் ஃபோட்டோடையோடுக்குக் கொடுத்து அங்கிருந்து நேரத்தை எண்ணுங்கள். எஃகில் நெட்டலை வினாடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் போகிறது. 100 நானோவினாடி பிசகினால், போய்த் திரும்பும் எதிரொலியில் தடிமன் சுமார் 0.3 மி.மீ. தவறும். அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளின் இடைவெளியை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கிரானைட்டுக்கு உலோகக் கணக்கு

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிக் கல்லைக் கொண்டுவருபவர்கள் அடிக்கடி செய்வது இது. 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 1 மி.மீ.தான், கல்லில் உள்ள படிக மணிகள் அதைவிடப் பெரிதாகவே இருக்கும். அலை சிதறிப்போகும். புள்ளியை அகலமாக்கி, அதிர்வெண்ணை 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

கண்ணாடி

532 நானோமீட்டர் அலைநீள லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி 1064 நானோமீட்டர் லேசரையும் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். 1064 கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.