செட்டிநாட்டு வீட்டில் நெட் மெதுவா? முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமெல்லாம் நெட் மெதுவாக இருக்கிறது என்றால் உடனே பிளானை ஏற்றிவிடுகிறார்கள். 50 எம்பிபிஎஸ் போதவில்லை என்று 100, அதுவும் போதவில்லை என்று 200. மாதக் கட்டணம்தான் ஏறும். இரண்டாம் கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) உட்கார்ந்து சிங்கப்பூர் பேரனோடு வீடியோவில் பேசும் அப்பத்தாவுக்குப் படம் அப்போதும் உறைந்துதான் நிற்கும். இந்த ஊர்ப் பெரிய வீடுகளில் பெரும்பாலும் தெருவிலிருந்து வரும் லைன் நன்றாகவே இருக்கிறது. முகப்பைத் தாண்டி உள்ளே போகும்போதுதான் வேகம் தொலைகிறது. ஆகவே அளந்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அதிகம் கட்ட வேண்டாம்.

அளக்கும் முறை இதுதான். வைஃபையை மறந்துவிட்டு, ரவுட்டரின் பின்பக்க லேன் துளையிலிருந்து ஒரு கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். மற்ற போன், டிவி எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து துண்டியுங்கள். வேகம் பார்க்கும் தளத்தைத் திறந்து சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை சோதியுங்கள்: காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று. பதிவிறக்கம், பதிவேற்றம், பிங் (பதில் திரும்பி வர ஆகும் மில்லிநொடி) மூன்றையும் தாளில் குறித்து வையுங்கள். 100 எம்பிபிஎஸ் பிளானில் 90க்கு மேல் வந்தால் லைனில் குறையில்லை. பைலை இறக்கும்போது திரையில் ஓடும் எண் பெரும்பாலும் மெகாபைட்டில் இருக்கும். எம்பிபிஎஸ் எண்ணுவதோ மெகாபிட்டை; ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12 மெகாபைட் சொச்சம் வந்தாலே முழு வேகம்தான். இது தெரியாமலே பல புகார்கள் போகின்றன.

200, 300 பிளான் போட்டும் கேபிளில் 94, 95லேயே நின்றுவிட்டால் லைனைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப்போ ரவுட்டரோ 100 எம்பிபிஎஸ் துளை உடையதாக இருக்கலாம்; அல்லது கேபிளில் கோளாறு. லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 2 ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ, கிளிப்பில் சரியாக உட்காராவிட்டாலோ பல சமயம் நெட் அடியோடு நின்றுவிடாது; சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விண்டோஸில் ஈதர்நெட் அமைப்பைத் திறந்தால் இணைப்பு வேகம் 100ஆ 1000ஆ என்று காட்டும்.

கேபிளிலேயே வேகம் குறைவாக இருந்தால் பைபர் பெட்டியைப் பாருங்கள். பான் (PON) விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும், லாஸ் (LOS) விளக்கு அணைந்திருக்க வேண்டும். லாஸ் சிவப்பாக மினுக்கினால் ஒளியே வரவில்லை என்று பொருள். அது லைன்மேன் வேலை. விளக்கெல்லாம் சரியாக இருந்தும் விட்டுவிட்டு மெதுவானால், பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் (பெரும்பாலும் 192.168.1.1) போய் ஆப்டிகல் பவர் எண்ணை, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவை, பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டிவிட்டால் பிழைகள் பெருகி இணைப்பு விழுந்து எழும். ஒவ்வொரு 3 டிபி இறக்கத்துக்கும் ஒளி பாதியாகிறது என்பதால், மைனஸ் 22லிருந்து 28க்குப் போவது சின்ன மாற்றம் இல்லை, கால்வாசி ஒளிதான் மிச்சம்.

ஒளி குறைய வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கும். நிலைக்கதவின் இடுக்கில் பைபரை விட்டுக் கதவை அழுத்திச் சாத்துவது, மிச்ச நீளத்தைச் சின்னச் சுருளாகச் சுற்றி ஆணியில் மாட்டுவது, உத்திரத்தில் அணிலோ எலியோ கடிப்பது. சுருளின் குறுக்களவு 6 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. முனையின் நிறத்தையும் பாருங்கள்: பச்சை முனை பச்சைத் துளையில்தான் போக வேண்டும். பச்சையில் முகம் சற்றுச் சாய்வாகவும் நீலத்தில் நேராகவும் சீவப்பட்டிருப்பதால், பச்சையை நீலத்தில் செருகினால் இரண்டும் ஒட்டாமல் ஒளி வீணாகும். முனையைக் கழற்றினால் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

கேபிளில் வேகம் சரி, உள்ளேதான் வரவில்லை என்றால் வேலை வீட்டில் இருக்கிறது.

இந்த வீடுகள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளமாகப் போகும். ரவுட்டரோ லைன் நுழையும் இடத்தில், முகப்பிலேயே நிற்கும். அங்கிருந்து வளவை (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படி வரை சிக்னல் போக வேண்டும். நடுவில் தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அடுத்தடுத்து வருகின்றன. தேக்குக் கதவு பெரிய தடையில்லை, சுவர்தான் தடை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இப்படிப்பட்ட இரண்டு சுவரைத் தாண்டும்போதே ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடுதலாகப் போகும், வேகம் குறையும். முகப்பில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கவனிக்க வேண்டிய பொருள். பின்னாலிருக்கும் உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இரும்புப் பெட்டி, ஸ்டீல் பீரோவும் அப்படியே. இவற்றின் பின்னாலோ உள்ளேயோ ரவுட்டரை வைத்தால் பாதி வீடு இருளாகிவிடும்.

போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, கையில் பிடித்தபடி முகப்பிலிருந்து பின்கட்டு வரை மெதுவாக நடங்கள். சிக்னல் எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. பட்டாலையில் (முன்கூடத்தில்) மைனஸ் 45 காட்டும். வளவில் இறங்கினால் 60 பக்கம். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு நன்றாக ஓடும். 75க்குக் கீழே தடுமாறும். 80க்குக் கீழே இணைப்பு இருப்பதுபோல் காட்டும், வேலை செய்யாது. எந்த வாசலைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் மருந்து வேண்டும்.

பின்கட்டில் கோடி ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு போன் அந்த ஒரு ஆளுக்கு மட்டும் தொல்லை இல்லை. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் குறைந்த போன் அதே படத்தை அனுப்பப் பத்து மடங்கு நேரம் எடுக்கலாம். அதுவரை முகப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

கடையில் முதலில் ரிப்பீட்டரை, அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டியை, காட்டுவார்கள். வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும், அதுவும் வாங்கும் இடத்திலேயே சிக்னல் நன்றாக இருந்தால்தான். பலர் அதைச் சிக்னலே இல்லாத இரண்டாம் கட்டில் செருகிவிட்டு, கோடு நிறையக் காட்டுகிறது, நெட் மட்டும் வரவில்லை என்கிறார்கள். தங்களுக்குள் வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் கம்பியில்லா மெஷ் பெட்டிகளுக்கும் இதே சுவர்தான் எதிரி.

இந்த வீட்டுக்கு ஏற்றது, முகப்பு ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து இரண்டாம் கட்டில் ஓர் அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைப்பது. கேட் 6 கேபிள், முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மலிவாகத் தருவார்கள்; பெட்டியில் சி.சி.ஏ. என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், வளைத்தால் முறியும். ஓர் ஓட்டம் 100 மீட்டர் வரை போகலாம், எனவே ஒரு முழு வீட்டுக்கும் அது தாராளம். சுவரைத் துளைக்கவோ ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கவோ தேவையில்லை. பழைய மின்கம்பி ஓடும் மரப்பட்டை, நிலைக்கு மேலே இருக்கும் காற்றுப் பலகணி, உத்திரத்தின் மேல்பக்கம் ஆகியவை போதும். மின்கம்பியோடு ஒட்டி நீளமாக ஓட்டாமல் ஒரு சாண் விலக்கி ஓட்டுங்கள். குறுக்கே போகும்போது செங்கோணமாகக் கடக்கட்டும்.

வளவு திறந்த வெளியாக இருப்பதால் அதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். வளவுத் தாழ்வாரத்தின் மேல் மூலையில், தூணுக்குப் பின்னால் மறையாமல், மழைச்சாரல் படாத இடத்தில் ஒரு பெட்டியை மாட்டினால், சுற்றியுள்ள அறைகளுக்குக் கதவு வழியே சிக்னல் போகும். ஒரே சுவரைத் தாண்டினால் போதும்.

பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதையே அக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்). அதில் டிஹெச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வசதியை) அணையுங்கள். கேபிளை வேன் (WAN) துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். சில போன்கள் ஓடும், சில ஓடாது, யாருக்கும் காரணம் புரியாது.

பங்காளிகள் ஒரே வீட்டில் தனித்தனி லைன் வைத்திருந்தால் சேனல் மோதும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. மூன்று குடும்பமும் பேசி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள், 40 போட்டால் அடுத்தவர் இடத்தையும் அடைக்கும். ஒருவர் 3இல் போய் உட்கார்ந்தால் 1க்கும் 6க்கும் சேர்த்துத் தொல்லை.

பேச்சு மட்டும் வெட்டி வெட்டி வருகிறது, வேகச் சோதனை நன்றாக இருக்கிறது என்றால் பதிவேற்றத்தைச் சந்தேகியுங்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்து ஊரே எடுத்த படங்களை எல்லாப் போன்களும் ஒரே இரவில் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். பதிவேற்றம் நிரம்பினால் அழைப்பின் பாக்கெட்டுகள் பின்னால் தேங்கும், பிங் 20லிருந்து 300க்கு ஏறும். காப்புப்பிரதியை நள்ளிரவுக்கு மாற்றுங்கள், அல்லது ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்த வேலைக்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துத் தரும் வசதி) இருந்தால் பதிவேற்றத்தை உண்மை வேகத்தின் 90 சதவீதத்தில் நிறுத்துங்கள். டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வரை) 1.1.1.1 அல்லது 8.8.8.8க்கு மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்குவது கொஞ்சம் சீக்கிரமாகலாம். வீடியோவின் வேகம் அதிகரிக்காது.

அடாப்டரையும் பாருங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் பெட்டியில் 1 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் ஆள் கூடும்போதெல்லாம் தானாக அணைந்து எழும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு முன் ஒரு வார்த்தை. மொட்டைமாடி வழியாகச் செம்பு லேன் கேபிளை ஓட்டாதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தாலே அதில் பாயும் மின்அழுத்தம் இரண்டு பக்கப் பெட்டியையும் எரித்துவிடும். வெளியே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உலோகமே இல்லாத பைபரும் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் (பைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் பெட்டி) போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கேபிள் சோதனையில் காலையில் 95, இரவில் 15 என்று வந்தால், அந்த மாத டேட்டா வரம்பு தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். தீர்ந்திருந்தால் மறுநாள் காலையிலும் அதே குறைந்த வேகம்தான் காட்டும். தினமும் இரவில் மட்டும் விழுந்தால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல். குறித்து வைத்த தாளின் எண்களை, கேபிளில் அளந்தது என்று சொல்லி, புகார் மையத்தில் கொடுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீரவில்லை என்றால் அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.