சிறப்பு மருத்துவரிடம் ஆன்லைனில் கருத்துக் கேட்கும்போது செய்யக்கூடாதவை

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த நோயாளியை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் அவருக்கு ஒருநாள் கூலி போகும். துணைக்கு வருபவருக்கும் போகும். இ-சஞ்சீவனி (அரசின் தொலைமருத்துவச் சேவை) மாதிரி ஒரு வழியில் சிறப்பு மருத்துவரிடம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களான நாமே கேட்டுவிட்டால் பல நேரம் இந்த அலைச்சல் மிச்சம். ஆனால் கேட்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, கேள்வியே இல்லாமல் கேட்பது. "42 வயது பெண், டி.எஸ்.எச். 7.2, என்ன செய்யலாம்?" தைராய்டுக்கான இந்த ஒரு ரத்தப் பரிசோதனை எண்ணை மட்டும் வைத்து யாரால் பதில் சொல்ல முடியும்? கர்ப்பமா, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) எவ்வளவு, முன்பு பார்த்த அளவு உண்டா, தைராய்டைப் பாதிக்கும் லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்து எடுக்கிறாரா என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்குள் நோயாளி பஸ் ஏறியிருப்பார். இப்படி எழுதிப் பாருங்கள்: "கர்ப்பம் இல்லை, டி4 சரியாக இருக்கிறது, அறிகுறி எதுவும் இல்லை, வேறு மருந்தும் இல்லை. மாத்திரை தொடங்காமல் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க நினைக்கிறேன், சரியா?" உங்கள் முடிவு என்ன என்பதையும் சொல்லிவிட்டால், ஆம் அல்லது இல்லை, ஏன் என்று அவர் இரண்டு வரியில் முடித்துவிடலாம். அடுத்த நோயாளிக்கு நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.

படம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். ஈசிஜி தாளைச் சமமாக விரித்து, 12 லீடும் (பன்னிரண்டு கோணப் பதிவுகளும்) அளவுக் குறியும் தெரிய, எடுத்த நேரத்தோடு அனுப்புங்கள். தோல் நோய்க்கு ஒரு கிட்டப் படம் மட்டும் போதாது. உடலில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று காட்டும் தூரப் படமும், பகல் வெளிச்சமும் தேவை.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி என்றால் மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலுதவியைத் தொடங்கி, 108-ஐக் கூப்பிட்டு, சிறப்பு மருத்துவரிடம் போனில் பேசுங்கள்.

அப்புறம், பொறுப்பு. 2020 மார்ச் 25-இல் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: ஒரு மருத்துவர் இன்னொருவரிடம் கருத்துக் கேட்டாலும், சிகிச்சை தருபவரும் அதற்குப் பொறுப்பானவரும் கேட்ட மருத்துவர்தான். மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவர் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைச் சொல்கிறார் என்று வையுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆகாது. நோயாளியின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 2.1 என்று கூடியிருப்பதை நாம் எழுத மறந்திருந்தால் அவருக்கு அது எப்படித் தெரியும்? நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் நாம்தான். அதனால் வந்த பதிலை அப்படியே சீட்டில் எழுதாமல், இவருக்கு இது பொருந்துமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் சீனியர் என்று தயங்காமல் திரும்பக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் பெயர், ஆதார் எண், முகம் தெரிகிற படத்தைப் பெரிய குழுவில் போடுவது இன்னும் நடக்கிறது. என்ன அவசரம் என்றாலும் இது தப்பு. நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, தேவையானதை மட்டும் அனுப்புங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பதில் வந்தும் நோயாளிக்குப் போய்ச் சேராமல் இருப்பது. மாலையில் பதில் வரும்போது ஓ.பி. காலியாகியிருக்கும். போன் நம்பரை முதலிலேயே வாங்கி வைத்து, யார் எப்போது அழைப்பார்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள். வந்த பதிலை ஓ.பி. சீட்டிலும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு மருத்துவர் அதே கேள்வியை மறுபடி கேட்பார்.

பதில் எழுதும் சிறப்பு மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஓ.பி.க்கு அனுப்பவும்" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். "எனலாப்ரில் (ரத்த அழுத்த மாத்திரை) தொடங்குங்கள், இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள், கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் கூடினால் நிறுத்திவிட்டு என்னிடம் கேளுங்கள்" என்று எழுதினால், நாங்கள் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம்.